அருணா ஷான்பாக் வழக்கு: நோயாளியின் விருப்பம் தெரியாதபோது முடிவெடுப்பது யார்?

மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர் அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திபூரில் பிறந்தவர். 1973 நவம்பர் 27 அன்று, அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவரைத் தாக்கினார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்குப் போக வேண்டிய பிராணவாயு தடைபட்டது. மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. தாக்கியவருக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் சேர்த்துக் கிடைத்த தண்டனை ஏழு ஆண்டு. அருணாவோ 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் ஒரு சிறு அறையில் படுத்த படுக்கையாக இருந்தார்.

இந்தியாவில் கருணைக்கொலை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இந்த வழக்கும் வருகிறது. பெரும்பாலும் ‘சாக விடலாமா, கூடாதா’ என்ற கேள்வியாகச் சுருங்கியும் விடுகிறது. வழக்கை ஊன்றிப் படித்தால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று விடையில்லாமல் கிடப்பது தெரியும். இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அருணா நினைத்திருப்பார்? அதற்கு ஒரு வரிச் சான்றுகூட இல்லை. 25 வயதில் யார்தான் அதைச் சொல்லி வைப்பார்கள்? அதனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவரவர் அன்பிலிருந்தும் அவரவர் நம்பிக்கையிலிருந்தும் பேசினார்கள். எல்லாரும் நல்லவர்கள். அருணாவின் குரல் மட்டும் அங்கே இல்லை.

படுக்கையில் இருந்த நிலை

மருத்துவ நிலையைச் சரியாகப் பிரித்தறியாமல் அறம் பேசினால் அது திசை தப்பிவிடும். அருணாவுக்கு மூளைச்சாவு ஏற்படவில்லை. மூளைச்சாவு என்றால் மூளைத்தண்டு முழுமையாகச் செயலிழந்து, தானாக மூச்சு வராத நிலை. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அதைப் பரிசோதித்துச் சான்றளிக்கிறார்கள். உறுப்பு தானம் பற்றிய பேச்சு எழுவது அங்கேதான். அருணா தானாக மூச்சுவிட்டார். விழித்திருப்பதும் தூங்குவதும் மாறி மாறி வந்தன. கண் இருந்தும் பார்வையை உணரும் மூளைப்பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. கைகால்கள் மடங்கி இறுகியிருந்தன.

முக்கியமான விவரம் உணவு. பல ஆண்டுகள் அவர் மசித்த உணவை வாயால் உண்டார், ஊட்டியவர்கள் செவிலியர்கள். 2010 செப்டம்பரில் மலேரியா வந்து, வாய்வழி உண்பது குறைந்த பிறகே மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் போடப்பட்டது. ‘உணவை நிறுத்த அனுமதி கொடுங்கள்’ என்ற கோரிக்கையின் அறவியல் எடை இந்த ஒரு விவரத்தில் மாறிவிடுகிறது. மூக்குக்குழாய் வழி உணவு ஒரு மருத்துவத் தலையீடு என்று உலகின் பல நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. பிரிட்டனில் 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் மூளை பாதிக்கப்பட்ட டோனி பிளாண்ட் வழக்கில், 1993-இல், அந்நாட்டின் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால், விழுங்கக்கூடிய ஒருவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டுவது சிகிச்சை ஆகாது. அதை நிறுத்துவது பராமரிப்பையே கைவிடுவதாகும். இந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டு அன்புகள் மோதிய வழக்கு

பத்திரிகையாளர் பிங்கி விரானி 2009-இல், அருணாவின் ‘நெருங்கிய நண்பர்’ (தானே வழக்காட முடியாதவருக்காக நீதிமன்றத்தில் பேசுபவர்) என்ற நிலையில் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். மனு காட்டிய அருணாவும் மருத்துவமனை காட்டிய அருணாவும் ஒத்துப்போகவில்லை. மனுவில் எலும்பும் தோலுமாக, உணர்வற்ற உடல். மருத்துவமனையின் பதிலிலோ உணவை ஏற்று முகக்குறி காட்டும் ஒருவர். 2011 ஜனவரியில் நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை அனுப்பியது. நிரந்தர உணர்விழந்த நிலைக்கான (விழிப்பு இருந்தும் தன்னுணர்வு இல்லாத நிலை) பெரும்பாலான அளவுகோல்கள் அருணாவுக்குப் பொருந்துகின்றன என்பது அவர்களின் அறிக்கை.

2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு மனுவை நிராகரித்தது. விரானியின் அக்கறையை நீதிமன்றம் பாராட்டியது. ஆனால் பெற்றோர் இறந்து, மற்ற உறவினர்கள் விலகிவிட்ட நிலையில், 37 ஆண்டுகள் ஒரு படுக்கைப்புண்கூட வராமல் பார்த்துக்கொண்ட கே.இ.எம். ஊழியர்களே அருணாவின் உண்மையான நெருங்கிய நண்பர் என்றது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றார்கள். பின்னாளில் அவர்கள் மனம் மாறினால் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் வழி வைத்தது.

37 ஆண்டு படுக்கைப்புண் வராமல் பார்ப்பது என்றால் என்ன என்று வீட்டில் ஒருவரைக் கிடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும், குதிகாலும் இடுப்பெலும்பும் அழுந்தாமல் தலையணை வைக்க வேண்டும். இரவும் இதில் அடக்கம். அந்தச் செவிலியர்களுக்குப் பேச உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது நியாயமே. ரத்த உறவு தானாகவே உரிமை தந்துவிடாது, பராமரிப்பு தரும் என்ற அந்த நிலைப்பாடு இந்தியக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு சறுக்கலும் இருக்கிறது. நன்றாகப் பராமரிப்பவர் நன்றாகப் பராமரிப்பவரே. நோயாளியின் விருப்பத்தை அறிந்தவர் என்று அதற்குப் பொருளாகாது. ‘எங்களால் அவளை விட முடியாது’ என்பது செவிலியர்களின் உண்மை. ‘இப்படி வாழ்வது அவளுக்கு அவமானம்’ என்பது விரானியின் உண்மை. நோயாளிக்குப் பதிலாக முடிவெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி மூன்றாவது: அருணா இந்த அறைக்குள் வந்து, தன்னையே பார்த்து, ஐந்து நிமிடம் தெளிவாகப் பேச முடிந்தால் என்ன சொல்வார்? விடை கிடைக்காவிட்டால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்: அவருடைய நலனுக்கு எது நல்லது, அதில் வலி எவ்வளவு, மீட்சிக்கு வாய்ப்பு எவ்வளவு, சிகிச்சையின் சுமை எவ்வளவு. பராமரிப்பவரின் மனநிறைவுக்கு இந்த இரண்டாம் படியிலும் இடம் கிடையாது.

2015 மே மாதத்துக் கேள்வி

2011 தீர்ப்பு உணவைப் பற்றியது. நான்கு ஆண்டு கழித்து வந்த கேள்வி வேறு. நிமோனியா முற்றியதும் அருணாவை ஐ.சி.யூ.வுக்கு மாற்றி வென்டிலேட்டரில் வைத்தார்கள். 66 வயது, 42 ஆண்டு படுக்கை, மீளாத மூளைச் சேதம். நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூச்சுக்குழாய் போட்டு இயந்திரத்தில் இணைப்பதன் நோக்கம் என்ன என்ற கேள்வி மட்டும் எழுகிறது. வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இது இடமல்ல. ஆனால் நம் வீடுகளுக்கு வந்து சேரும் கேள்வி இதுதான். உச்ச நீதிமன்றம் போகும் வழக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘ட்யூப் போடலாமா, சொல்லுங்க’ என்று ஐ.சி.யூ. வாசலில் கேட்கப்படும் குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு இரவிலும் உண்டு.

அங்கே நடக்கும் முதல் பிழை கேள்வியிலேயே இருக்கிறது. ‘நீங்க என்ன சொல்றீங்க?’ என்று மருத்துவர் மகனைக் கேட்கிறார். அந்தக் கேள்வி அப்பாவின் உயிரை மகனின் தோளில் ஏற்றிவிடுகிறது. ‘எல்லாம் பண்ணுங்க டாக்டர்’ என்பதைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் வராது. ‘உங்க அப்பா இப்ப பேச முடிஞ்சா என்ன சொல்வார்?’ என்று கேட்டால் அதே மகன் யோசிக்கத் தொடங்குவார். ‘ஆஸ்பத்திரியில கெடக்க மாட்டேன்னு சொல்லிட்டே இருப்பாரு’ என்பது போன்ற ஒரு வரி வரும். அதைக் கேஸ் ஷீட்டில் நோயாளியின் சொற்களிலேயே, சொன்னது யார், எப்போது என்று சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் பிழை, தொடங்காமல் இருப்பது சரி, தொடங்கியதை நிறுத்துவது பாவம் என்ற எண்ணம். பயன் தராத சிகிச்சையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அறத்தில் வேறுபாடு கிடையாது; இந்தியச் சட்டமும் இரண்டையும் ஒரே வழிமுறைக்குள்தான் வைத்திருக்கிறது. இந்தத் தவறான எண்ணத்தால் விளையும் கேடு பெரிது. நிறுத்த முடியாதே என்று பயந்து, பிழைக்க வாய்ப்புள்ளவருக்குக்கூட வென்டிலேட்டர் வேண்டாம் என்கிறார்கள். வைத்துவிட்டாலோ வாரக்கணக்கில் அப்படியே விடுகிறார்கள். இடைவழி ஒன்று உண்டு: காலவரையறை வைத்த முயற்சி. ‘மூன்று முதல் ஐந்து நாள் பார்ப்போம். ரத்த அழுத்த மருந்து குறைகிறதா, ஆக்சிஜன் தேவை குறைகிறதா, கண் திறந்து சொன்னதைச் செய்கிறாரா என்று கவனிப்போம். இவை நடக்காவிட்டால் மீண்டும் உட்கார்ந்து பேசுவோம்’ என்று முதல் நாளே நாளும் அளவுகோலும் குறித்துவிட வேண்டும். மீண்டும் உட்காரும் தேதியைக் குறிக்காத முயற்சி, எல்லையற்ற முயற்சியாகவே முடியும்.

மூன்றாவதைப் பிழை என்று சொல்லக்கூடச் சங்கடமாக இருக்கிறது: பணம். நகை அடகுக்குப் போகிறது, நிலம் விற்கிறது, ஆனால் ‘கட்டுப்படியாகாது’ என்ற சொல் யார் வாயிலும் வராது. சொன்னால் காசுக்காக அப்பாவை விட்டவன் ஆகிவிடுவோம் என்ற பயம். சிகிச்சையில் பலன் இருந்து பணம் மட்டும் தடையென்றால், அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்று வழி தேட வேண்டும். அதை அறக்கேள்வியாக மாற்றி மூடக் கூடாது. சிகிச்சையில் பலனே இல்லையென்றால், ‘அவரே இந்தச் செலவை விரும்பியிருக்க மாட்டார்’ என்பது கூச்சப்பட வேண்டிய வாதம் கிடையாது. தன் மருத்துவச் செலவால் பேத்தி படிப்பு நிற்கக் கூடாது என்று நினைக்கும் தாத்தாவின் விருப்பமும் விருப்பம்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, தமிழ்நாட்டு ஐ.சி.யூ.க்களில் பழகிப்போன ஒரு வழி. சிகிச்சையை முறைப்படி நிறுத்த வேண்டுமென்றால் மருத்துவர் குழுவைக் கூட்ட வேண்டும், எழுத வேண்டும் என்பதால், ‘மருத்துவர் அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். உயிர் வீட்டில் போக வேண்டும் என்பது நம் மக்களின் நியாயமான ஆசை, அதை மதிக்க வேண்டும். ஆனால் ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சு கொடுக்கும் பலூனை அமுக்கிக்கொண்டே வந்து, வீட்டுத் திண்ணையில் குழாயை உருவிவிட்டுப் போனால், நோயாளி வலியையும் திணறலையும் தணிக்கும் மார்ஃபின் இல்லாமல், சளி உறிஞ்ச ஆளில்லாமல் மூச்சுத் திணறிச் சாகிறார். குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. செயல் அதேதான், வலிநீக்கமும் பொறுப்பும் மட்டும் கழற்றப்பட்டிருக்கின்றன.

முறைப்படி நிறுத்துவது எப்படி இருக்கும்? தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி, அதன் பாதிப்பு முழுதும் விலகும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி திணறினாலும் வெளியே தெரியாது. குழாய் உணவைச் சில மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள். தொண்டைக் கறகறப்புக்கு கிளைகோபைரோலேட் 0.2 மில்லிகிராம். ஏற்கெனவே ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநீக்கி) எடுக்காதவருக்கு நரம்பு வழி மார்ஃபின் 2 முதல் 5 மில்லிகிராம், தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் மிடசோலம் 1 அல்லது 2 மில்லிகிராம். இவை வழக்கமான தொடக்க அளவுகள். மூச்சு வேகம், நெற்றிச் சுருக்கம், மூக்கு விடைப்பு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் கூட்டுவார். அபாய ஒலிகளை அணைத்து, ஆக்சிஜனைப் படிப்படியாக 21 சதவீதத்துக்குக் குறைத்து, பிறகே குழாயை எடுப்பார்கள். அதன்பின் நிமிடங்களும் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். இதைக் குடும்பத்திடம் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆறு மணி நேரம் கழித்தும் மூச்சு ஓடும்போது ‘தப்பு பண்ணிட்டோமோ’ என்ற எண்ணம் வந்து ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்.

மார்ஃபின் உயிரைச் சுருக்கும் என்ற பயம் செவிலியர்களிடமும் உண்டு. திணறலின் அளவுக்கேற்பச் சிறுகச் சிறுகக் கூட்டுவதற்கும் உயிரைப் போக்க ஒரேயடியாக ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தில் மட்டும் இல்லை, பதிவேட்டிலும் தெரியும். ஒவ்வொரு டோஸுக்கும் எதிரே எந்தத் துன்பத்துக்காக என்று எழுதுவது அதற்காகவே. உயிரைப் போக்கவென்றே ஊசி போடுவது இந்தியாவில் இன்றும் குற்றம்.

‘பட்டினி போட்டுச் சாகடிக்கிறதா?’ என்ற கேள்விக்கும் நேரடியான விடை உண்டு. மரணம் நெருங்கும்போது பசி அடங்குவது உடல் செயலடங்குவதன் விளைவு. சாப்பிடாததால் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை. உதட்டை நனைப்பது, கேட்டால் ஒரு கரண்டி காபி கொடுப்பது எல்லாம் தொடரலாம். நினைவில்லாதவர் வாயில் பாலை ஊற்றுவது மட்டும் கூடாது, அது நுரையீரலுக்குள் போகும்.

சட்டம் அருணாவுக்குப் பிறகு

2011 தீர்ப்பு, சிகிச்சையை விலக்க ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2005-இலேயே ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அறிவித்து, முன்கூட்டியே விருப்பம் எழுதி வைப்பதையும் ஏற்றது. ஆனால் வழிமுறை நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது. ஆவணத்தில் குற்றவியல் நடுவரின் கையெழுத்து, 20 ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்கள், கலெக்டர் அமைக்கும் குழு என்று அடுக்கினால் ஐ.சி.யூ. காத்திருக்குமா? 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே இவற்றைத் தளர்த்தியது.

இன்று நடைமுறை இப்படி. சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் சேர்ந்து முதல்நிலைக் குழு. அதே நிபந்தனையில் வேறு இரண்டு வல்லுநர்களும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் சேர்ந்து இரண்டாம் நிலைக் குழு. ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆவணத்தில் பெயர் குறிக்கப்பட்டவரின் ஒப்புதல் வேண்டும். ஆவணமே இல்லையென்றால் நெருங்கிய உறவினர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல். செயல்படுத்தும் முன் மருத்துவமனை குற்றவியல் நடுவருக்குத் தகவல் தர வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். அருணாவின் பிறந்த மாநிலமான கர்நாடகம் 2025 ஜனவரி 30 அன்று இதைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை விட்டது.

இரண்டு குழு எதற்கு, குடும்பம் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் தலைக்கூத்தலை நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகர், மதுரைப் பக்கங்களில் படுத்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் வழக்கம் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. அங்கேயும் முடிவெடுத்தது குடும்பம்தான். அங்கேயும் ‘கஷ்டப்படக் கூடாது’ என்பதே சொல். படுத்திருந்தவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. சுமையாகிவிட்டார் என்பதால் எடுக்கும் முடிவையும், சிகிச்சை சுமையாகிவிட்டது என்பதால் எடுக்கும் முடிவையும் வெளியாள் ஒருவர் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எழுதி வைப்பது

இந்த முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சான்றொப்பம் பெற வேண்டும். சாட்சிகள் சொத்தில் பங்கில்லாத வெளியாட்களாக இருப்பது நல்லது. ஒரு நகல் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு அலுவலருக்கு. ஒன்று குடும்ப மருத்துவருக்கு.

பெரும்பாலான ஆவணங்கள் சறுக்குவது சொற்களில். ‘என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்’, ‘இயற்கையாகச் சாக விடுங்கள்’ என்பவற்றை எந்த மருத்துவரும் செயல்படுத்த முடியாது. தெளிவில்லாத ஆவணத்தைக் குழு ஒதுக்கிவிடலாம். நிலையையும் சிகிச்சையையும் இணைத்து எழுத வேண்டும்: ‘நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று குழு முடிவு செய்தால் மூச்சுக்குழாய், கழுத்தில் துளையிடுதல், டயாலிசிஸ், நெஞ்சழுத்தம் வேண்டாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் கொடுக்க வேண்டும்.’ மூக்குக்குழாய் உணவு பற்றித் தனி வரி அவசியம், ஏனென்றால் குடும்பம் உடையும் இடம் அது. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்பது தெரியும் என்றும், விளைவுகளைப் புரிந்துகொண்டே எழுதுகிறேன் என்றும் குறிப்பிட வேண்டும்.

யார் பெயரைப் போடுவது? பழக்கத்தில் மூத்த மகன் பெயர் வந்துவிடும். தன் துக்கத்தை ஒதுக்கி வைத்து உங்கள் சொல்லைச் சொல்லக்கூடியவர் யார் என்று பாருங்கள். அது இளைய மகளாகவோ மருமகளாகவோ நெடுநாள் நண்பராகவோ இருக்கலாம். ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம், அப்போது அவர்களுக்குள் வரிசையையும் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து கடைசி நாளில் வந்திறங்கும் பிள்ளை எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கச் சொல்வது எங்கும் நடப்பது. ஆவணத்தின் நகல் அவரிடமும் முன்பே இருக்கட்டும்.

பெற்றோரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் ‘அபசகுனமா பேசாதே’ என்றுதான் முதலில் வரும். உறவில் ஒருவர் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் இருந்து இறந்த பிறகு, ‘சித்தப்பாவுக்கு நடந்த மாதிரி நடந்தா, உங்களுக்கு என்னப்பா செய்யணும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை தயாராக இருக்கும். சொன்ன சொல்லை அப்படியே, தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வரியில் முடிக்காமல், ‘பேச முடியாமப் போனா?’, ‘எங்களை அடையாளம் தெரியலைன்னா?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று கேள்விக்கும் ஒரே விடை வராது.

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் என்று புதிதாக ஏதாவது தெரிய வந்தால் ஆவணத்தை மறுபடி படித்து மாற்றி எழுத வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். பழைய நகல்களைக் கொடுத்த இடங்களிலிருந்து திரும்ப வாங்கிவிட்டு, புதியதைக் கொடுங்கள்.